டெசராக்ட் நிறுவல் வழிகாட்டியை எப்படித் திருத்தி எழுதுவது?

சுவடிப்பெட்டி:
வணக்கம். வருடி எடுத்த தமிழ்ப் புத்தகப் பக்கங்களை டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருளின் துணையோடு உரையாக மாற்றும் சிறிய பைத்தான் கருவி ஒன்றைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டுப் பராமரித்து வருகிறேன். கருவியில் உள்ள குறைகளைச் சொல்லும் மடல்களைவிட, அதை நிறுவவே முடியவில்லை என்று வரும் மடல்களே அதிகம். தமிழ்த் தரவுக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற பிழைச்செய்தியைத்தான் பெரும்பாலோர் அனுப்புகிறார்கள். மொழித் தரவுக் கோப்புகளை வைத்திருக்கும் டெஸ்டேட்டா அடைவு எங்கே இருக்கிறது என்பதைச் சூழல் மாறியில் (நிரல்கள் பார்த்துக்கொள்ளும்படி இயங்குதளத்தில் பெயரிட்டு வைக்கும் மதிப்பில்) எப்படிக் குறிப்பிடுவது என்று வழிகாட்டியில் எழுதியிருக்கிறேன். அதன்படி செய்தவர்களுக்கும் அதே பிழை வருகிறது. இன்னும் விரிவாக எழுத வேண்டுமா?

முனையம்:
வழிகாட்டி போதிய விரிவாகவே இருக்கிறது. எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டது என்று அதில் எங்குமே இல்லை என்பதுதான் சிக்கல். டெசராக்ட் 3 வரிசையில் அந்தச் சூழல் மாறி டெஸ்டேட்டாவுக்கு ஒரு படி மேலே உள்ள அடைவைச் சுட்ட வேண்டியிருந்தது. 2018இல் வெளிவந்த 4ஆம் பதிப்பு முதல் டெஸ்டேட்டா அடைவையே சுட்ட வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது பழைய முறை. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களின் பயனர்கள் இயங்குதளத்தின் தொகுப்பு மேலாளர் வழியாக நிறுவும்போது அந்த மாறியை அமைக்கவே தேவையில்லை என்பதால், அவர்களுக்கான பகுதியிலிருந்து அந்தப் படியை முழுவதும் நீக்கிவிடலாம். அதைவிட முக்கியமாக, தமிழ்த் தரவு தனித் தொகுப்பாக வருகிறது என்பதையும், டெசராக்டை மட்டும் நிறுவினால் தமிழ் வராது என்பதையும் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்.

நூலகத்தார்:
நான் நிரலர் அல்லன், நூலகத்தில் பணிபுரிகிறேன். உங்கள் கருவியை நிறுவ எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் திரையில் என்ன தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தால், எந்தப் படியில் தவறினேன் என்பதை அங்கேயே அறிந்திருப்பேன். நிறுவப்பட்ட மொழிகளைப் பட்டியலிடும் கட்டளை டெசராக்டில் இருப்பதே எனக்குப் பின்னர்தான் தெரிய வந்தது. மற்ற இடங்களில் தமிழுக்கு ‘டி, ஏ’ என்ற இரண்டெழுத்துக் குறியீட்டைப் பார்த்துப் பழகியிருந்ததால் இங்கும் அதையே கொடுத்துவந்தேன். டெசராக்ட் எதிர்பார்ப்பதோ ‘டி, ஏ, எம்’ என்ற மூன்றெழுத்து. இதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள், ஐயா.

முனையம்:
நூலகத்தார் சொல்வது மிகவும் சரி. இன்னொன்றும் உண்டு: 2023இல் வந்த டெபியன் 12 முதல், பிப் என்னும் நிறுவல் கருவியைக் கொண்டு பைத்தான் தொகுப்புகளை இயங்குதளத்தின் பைத்தானுக்குள் நேரடியாக நிறுவ முயன்றால் அது மறுத்துவிடும். அந்தத் தடையை மீறும் விருப்பத்தேர்வைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். இயங்குதளத்தின் தொகுப்புகளையே அது குலைத்துவிடக்கூடும் என்பதால் நீங்கள் அதைச் செய்யாமல், பைத்தான் தொகுப்புகளைத் தனி அடைவில் பிரித்து வைக்கும் மெய்நிகர் சூழலை உருவாக்கும் படியைச் சேருங்கள். எழுதி முடித்ததும், எதுவும் நிறுவப்படாத புதிய டாக்கர் கொள்கலனில் (நம் கணினிக்குள்ளேயே தனித்து இயங்கும் சூழலில்) வழிகாட்டியின் கட்டளைகளை மட்டும் வரிசையாக இட்டுப் பாருங்கள். நம் கணினியில் முன்பே இருக்கும் தொகுப்புகள்தாம் விடுபட்ட படிகளை நம் கண்ணிலிருந்து மறைக்கின்றன.

சுவடிப்பெட்டி:
இருவருக்கும் நன்றி. கொள்கலனில் இட்டுப் பார்த்தேன். மூன்றாவது கட்டளையிலேயே நின்றுவிட்டது. டெபியன் 12க்கான பகுதியை முதலில் திருத்தி இன்றிரவு பதிவேற்றுகிறேன். நூலகத்தார் அதைப் பார்த்து ஒருமுறை நிறுவிச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.