ஆழ்கடல் தூண்டிலுக்குச் சிக்கனமாகக் கோலும் ரீலும்

கேள்வி:
படகில் சென்று ஆழ்கடலில் தூண்டில் போடத் தொடங்கவிருக்கிறேன். கையிருப்பு குறைவு என்பதால், கோலுக்கும் ரீலுக்கும் (தூண்டில் நரம்பைச் சுற்றும் கருவி) பணத்தை எப்படிப் பிரிப்பது?

மறுமொழி 1:
ரீலுக்கே கூடுதலாகச் செலவிடுங்கள். என் முதல் மலிவு ரீலின் பேரிங்குகளை உப்புநீர் அரித்து, சில பயணங்களிலேயே கைப்பிடி மணல் அரைப்பதுபோல் நறநறத்தது. கோல் கண்ணாடியிழையாக இருந்தால் போதும். கார்பனைவிடக் கனம்தான், ஆனால் படகின் விளிம்பில் இடிபட்டாலும் எளிதில் முறியாது.

மறுமொழி 2:
நாள் முழுவதும் ஜிக் (கனமான உலோகச் செயற்கை இரை) ஆட்டுபவருக்கு அந்தக் கனம் தோளைப் பதம்பார்த்துவிடும். இரை போட்டுக் காத்திருப்பவருக்கே அது பொருந்தும். டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பு வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் ரீலின் பிரேக்) நரம்பின் தாங்குதிறனில் ஏறத்தாழக் கால்பங்குக்கு வைப்பது வழக்கம் என்பதால், 20 கிலோ நரம்புக்கு 5 கிலோ இழுவை போதும். பெட்டியில் அச்சிட்ட பெரிய இழுவை எண்ணுக்காகப் பணம் கொடுக்காதீர்கள்.

கேட்டவர்:
இரை போடுவதுதான் என் எண்ணம். பழைய ரீல் வாங்கலாமா?

மறுமொழி 1:
வாங்கலாம். டிராக்கை மிதமாக இறுக்கி நரம்பை இழுத்துப் பாருங்கள். சீராக வராமல் வெட்டி வெட்டி வந்தால் விட்டுவிடுங்கள்.