மாநிலத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் ஆவணங்களில் எதை முதலில் படிப்பது?

கேள்வி:
அமெரிக்காவில் 1958இல் ஓஹாயோ, கலிபோர்னியா வாக்காளர்கள் ‘வேலை உரிமை’ச் சட்டத்தை நிராகரித்ததைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதுகிறேன். பெயர் அப்படி இருந்தாலும், சங்க உறுப்பினராவதை வேலைக்கு நிபந்தனையாக்கும் ஒப்பந்தங்களைத் தடைசெய்வதே அச்சட்டம். மாநிலங்கள் அப்படிச் சட்டமியற்ற, 1947இன் டாஃப்ட்-ஹார்ட்லி என்ற தேசியச் சட்டம் வழிவிட்டது. ஆவணக்காப்பகத்தில் ஒரு மாநிலக் கூட்டமைப்பின் பெட்டிகளைப் பார்க்க எனக்கு நான்கு நாட்களே உள்ளன. எங்கிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1:
எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று காப்பகம் தரும் விளக்கப் பட்டியலின் முன்னுரையை முதலில் படித்துவிடுங்கள். ஏஎஃப்எல், சிஐஓ ஆகிய தேசியத் தொழிற்சங்க மையங்கள் 1955 டிசம்பரில் இணைந்தாலும், மாநில அமைப்புகள் உடனே இணைந்துவிடவில்லை. கலிபோர்னியாவில் 1958 இறுதிவரை அவை தனித்தனியே இயங்கின. ஆகவே ஒரே போராட்டத்துக்கு இரண்டு தொகுப்புகள் இருக்கக்கூடும்.

மறுமொழி 2:
மாநாட்டு அறிக்கைகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவை அச்சுக்கென்றே செப்பம் செய்யப்பட்டவை. வேறு நூலகங்களிலும் கிடைக்கலாம். கடிதக் கோப்புகளோ பெரும்பாலும் அங்கே மட்டுமே இருப்பவை. வந்த கடிதத்தின் பின்னால், அனுப்பிய பதிலின் கார்பன் நகல் வெங்காயச் சருகு போன்ற தாளில் இருக்கும். அப்படியொரு நகலின் ஓரத்தில், ‘பணம் வரவில்லை, மீண்டும் எழுதுக’ என்று பென்சிலில் எழுதியிருந்ததைக் கண்டேன். பிரசாரத்துக்கு நிதி தருவதாக மாநாட்டு மேடையில் அறிவித்துக் கைதட்டல் பெற்ற கிளைச் சங்கம்தான் அது என்பது அறிக்கையைப் புரட்டியபோது தெரிந்தது. அன்றிலிருந்து நான் தீர்மானங்களை அப்படியே நம்புவதில்லை.

இணைப்புக் கட்டணக் கணக்கேட்டையும் விட்டுவிடாதீர்கள். உறுப்பினர் ஒருவருக்கு இவ்வளவு என்று கிளைகள் செலுத்திய தொகை அதில் மாதவாரியாகப் பதிவாகியிருக்கும். ஆனால் மாநிலக் கூட்டமைப்பில் சேர்வது கிளைகளின் விருப்பத்தைப் பொறுத்தது. சேர்ந்தவையும் கட்டணச் சுமைக்கு அஞ்சி உறுப்பினர் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியிருக்கலாம். அந்த எண்ணை மாநிலத் தொழிலாளர் பலமாகக் கொள்வது தவறு.

மறுமொழி 3:
புறப்படுமுன் காப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். உறுப்பினர்களின் தனிப்பட்ட குறைதீர்ப்புக் கோப்புகளுக்குப் பார்வைத் தடை இருக்கலாம். சில பெட்டிகள் வெளிக்கிடங்கிலிருந்து வரச் சில நாட்கள் ஆகும். தாள்களின் வரிசையை மட்டும் தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள். எது எதற்குப் பதில் என்பதற்கு அந்த வரிசையே சாட்சி.

கேட்டவர்:
மிக்க நன்றி. முதல் மூன்று நாட்களை 1957, 1958ஆம் ஆண்டுக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன். கணக்கேட்டுக்கு இன்றே விண்ணப்பித்துவிடுகிறேன்.