பரோலுக்கு அலைந்தவர்கள், வெளியே வந்து வேலை தேடியவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கடலூர் தங்கச்சி:
என் அண்ணன் ஆயுள் தண்டனை சிறைவாசி. வழக்கைப் பற்றி எழுதப் போவதில்லை, அது கோர்ட்டில் முடிந்த கதை. பரோலுக்கு அலைந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

தமிழ்நாட்டில் 1982-ம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி விடுப்பு கொடுக்கிறார்கள். சாவு, கடும் நோய், கல்யாணம் என்றால் அவசர விடுப்பு, வருஷத்துக்கு 15 நாள். மூன்று வருஷம் உள்ளே கழித்துவிட்டால் சாதாரண விடுப்பும் கேட்கலாம். வீடு ரிப்பேர், பிள்ளைகள் படிப்பு, விவசாய வேலை எல்லாமே காரணமாக ஏற்கத்தக்கவை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கூரை மழையில் இறங்கிவிட்டது என்று அண்ணன் மனு கொடுத்தான். நன்னடத்தை அலுவலர் நேரில் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, அவன் வந்தால் எங்கே தங்குவான், சாப்பாடு யார் போடுவார்கள், எதிர்த்தரப்பு எங்கே இருக்கிறது என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார், அக்கம்பக்கத்திலும் விசாரித்தார். நல்ல மனுஷன். அப்புறம் லோக்கல் ஸ்டேஷன் ரிப்போர்ட் வந்தது: "மேற்படி நபர் ஊருக்கு வந்தால் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஏற்பட வாய்ப்புள்ளது." அவ்வளவுதான். எதிர்த்தரப்புக் குடும்பம் ஊரைக் காலி செய்துகொண்டு திருப்பூர் போய் வெகுகாலம் ஆகிறது, யாருடன் பிரச்சினை என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. முந்தைய மனுவுக்கு வந்ததும் இதே வாசகம்தான், தேதி மட்டும் வேறு. கடைசியில் ஹைகோர்ட் போய்த்தான் வாங்கினோம்.

வந்தவன் தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து கூரை வேலை பார்த்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். உள்ளே சாயங்காலம் அறையைப் பூட்டும் முன்பே சாப்பாடு கொடுத்துவிடுவார்களாம், வயிறு அதற்குப் பழகிவிட்டது. எட்டு மணிக்கு அம்மா சுடச்சுட தோசை வார்த்து வைத்தால் வேண்டாம் என்பான், அம்மாவுக்குக் கோபம் வரும்.

காரணம் எழுதாத ஆட்சேபணையைச் சிறைத்துறை வாங்கவே கூடாது, திருப்பி அனுப்ப வேண்டும். ரிப்போர்ட்டுக்குக் கெடு வைக்க வேண்டும், அதற்குள் வரவில்லை என்றால் ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இதைத் தாண்டி நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை.

மதுரை வக்கீல்:
தங்கச்சி சொல்வது பாதிதான். அதே விதிகளில் 35-வது விதி என்று ஒன்று இருக்கிறது, வேறு வழக்கு நிலுவையில் இருந்தால் விடுப்பு கிடையாது. பத்து வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒரு அடிதடி கேஸ் தூங்கிக்கொண்டிருக்கும், அதை முடிக்க யாருக்கும் அவசரம் இருக்காது, இவர் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டு நிற்பார். விதி 40-ல் அரசு விலக்கு கொடுக்கலாம்தான், ஆனால் அந்தக் கோப்பு கோட்டை வரை போய்த் திரும்ப வேண்டுமே. அதனால் எல்லோரும் ஹைகோர்ட்டுக்கு வருகிறார்கள்.

சாவு கேஸ்தான் கொடுமை. காலையில் அவசரமாக மனு தாக்கல் செய்து, மதியத்துக்கு மேல் உத்தரவு வாங்கி, அது சிறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வழிக்காவலுக்கு ஆயுதப்படையில் ஆள் இல்லை என்பார்கள். வீட்டில் ஃப்ரீசர் பாக்ஸ் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும், சொந்தக்காரர்கள் எப்போது எடுப்பீர்கள் என்று போன் மேல் போன் போடுவார்கள். மகன் கொள்ளி வைக்க வருவானா மாட்டானா என்று எனக்கே பதில் தெரியாத நாட்கள் உண்டு.

நாடறிந்தவர்கள் பாடே எப்படி என்று பாருங்கள். பேரறிவாளனுக்கு முதல் பரோல் 2017 ஆகஸ்டில், 26 வருஷம் கழித்து. 2019-ல் மகள் கல்யாண ஏற்பாட்டுக்காக நளினி ஆறு மாதம் கேட்டு ஹைகோர்ட்டில் தானே வாதாடினார், ஒரு மாதம் கொடுத்தார்கள். ஊர் பேர் தெரியாதவர்களுக்கு யார் வாதாடுவது?

கோவை பட்டறை:
நான் வேலை கொடுத்தவன், என் தரப்பையும் சொல்கிறேன். உள்ளே தறி ஓட்டிப் பழகியவர் ஒருவரை ஹெல்பராகச் சேர்த்தேன். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. சம்பளம் போடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஆதாரில் பதிந்திருந்த போன் நம்பர் எப்போதோ செத்துப்போன நம்பர், ஓடிபி வராது, அதனால் பேங்க் கணக்கும் இல்லை, பிஎஃப்பும் இல்லை. ரேஷன் கார்டில் பெயரை எடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் வெளியே வருவதற்கு முன்பு உள்ளேயே ஒரு முகாம் போட்டுச் சரி செய்து அனுப்பினால் யாருக்கு என்ன நஷ்டம்? அப்புறம் ஊருக்குப் பெரிய தலைவர் யாராவது வந்தால் போதும், மஃப்டியில் இரண்டு பேர் பட்டறைக்கு வந்து "அவன் இருக்கானா?" என்று மற்ற ஆட்கள் முன்னால் கேட்பார்கள். போன் பண்ணிக் கேளுங்கள் சார் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இருபது வயசுக்காரன்:
நான் ஜெயிலுக்கே போகவில்லை. கோயில் திருவிழாத் தகராறில் தண்டனை என்று ஆனது, ஆனால் 21 வயதுக்குக் கீழ் என்பதால் 1958-ம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி நன்னடத்தை ஜாமீன் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். அதற்கு இன்றும் நன்றி. ஆனால் வேலைக்குப் போனால் "குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா?" என்று கேட்கும் கட்டத்தில் என்ன எழுதுவது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

மதுரை வக்கீல்:
தம்பி, மறைக்காதே. மறைத்தது பின்னால் தெரிந்தால் அதற்காகவே வேலை போகும். உண்மையை எழுதி, தீர்ப்பு நகலையும் இணைத்துக் கொடு. அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, இப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது. ஆனால் நடந்த சம்பவத்தை முதலாளி கணக்கில் எடுக்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம் இல்லை, அதனால் நேர்முகத்தில் கேட்டால் பதில் தயாராக வைத்துக்கொள்.

தங்கச்சி, உங்கள் அண்ணனுக்கு 14 வருஷம் நெருங்குகிறதா? 2025 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது, தண்டனைக் காலம் முடியும் முன்பே விடுவிக்கும் முன்விடுதலைக் கொள்கை இருக்கும் மாநிலத்தில், தகுதி வந்தவர்களை மனு கேட்காமலே அரசு பரிசீலிக்க வேண்டும். சும்மா இருந்தால் நடக்கும் என்று நம்ப வேண்டாம். அடுத்த முறை அண்ணனைப் பார்க்கச் சிறைக்குப் போகும்போது சிறை நல அலுவலரிடம் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

கடலூர் தங்கச்சி:
வருகிற தையோடு 14 முடிகிறது அண்ணா. கேட்கிறேன். அந்தப் பரிசீலனைக்கும் எங்கள் ஸ்டேஷன் ரிப்போர்ட்தான் கேட்பார்களா?

மதுரை வக்கீல்:
கேட்பார்கள். பழைய ஹைகோர்ட் உத்தரவின் நகலை இப்போதே எடுத்து வையுங்கள்.