1220-இல் நான்கு 305 அடங்குமா? ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பிளைவுட் வெட்டும் கணக்கு

தூள்கணக்கு:
நண்பர் இசைமாடம் நேற்று இட்ட ஒலிபெருக்கிப் பெட்டிச் செய்முறையில், "எட்டுக்கு நான்கு அடி பிளைவுட்டின் அகலம் 1220 மி.மீ.; ஆகவே 305 மி.மீ. அகலத்தில் நான்கு பட்டைகள் சேதாரமின்றிக் கிடைக்கும்" என்று எழுதியிருக்கிறார். பிளேடு மரத்தைத் தின்னாது என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. கடைகளில் உள்ள பேனல் சா (பெரிய பலகைகளை நேராக அறுக்கும் இயந்திர வாள்) ஒவ்வொரு வெட்டிலும் ஏறக்குறைய 3 மி.மீ. மரத்தைத் தூளாக்கிவிடும். நான்கு பட்டைகளுக்கு மூன்று வெட்டுகள், ஆக 9 மி.மீ. போய்விட்டது. முதல் மூன்று பட்டைகளும் 305 என்றால் நான்காவது 296 தான். இரு பக்கப் பலகைகளும் மேல், கீழ்ப் பலகைகளும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டிய பெட்டியில், 9 மி.மீ. குறைந்த ஒன்றை வைத்துக்கொண்டு பின்பலகையை எதில் ஒட்டுவது?

இசைமாடம்:
என் பெயரைச் சொல்லியே விவாதத்தைத் தொடங்கி வைத்தமைக்கு நன்றி. மூன்று வெட்டின் தூளையும் நான்கு பட்டைகளுக்கும் பகிர்ந்தால் ஒவ்வொன்றும் 302.75 மி.மீ. வரும். முன், பின் பலகைகளின் தடிமனைக் கழித்த உள்ளாழத்தில் இந்த இழப்பு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 50 ஹெர்ட்ஸுக்கு இசைவித்த குழாய்ப் பெட்டி, அதாவது அடித்தொனிக்காகக் காற்றுக்குழாய் வைத்த பெட்டி, 50.2 ஹெர்ட்ஸுக்கு நகரும், அவ்வளவுதான். ஒரே அட்டைப்பெட்டியில் வாங்கிய இரண்டு டிரைவர்களுக்கு (ஒலியெழுப்பும் கூம்புகளுக்கு) இடையே இதைவிடப் பெரிய வேறுபாடு இருக்கும். இதைக் காதால் கண்டுபிடிக்கிறேன் என்று சொல்பவர் முன்வரட்டும்.

தூள்கணக்கு:
நான் காதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நீங்கள் எழுதியது 305; இப்போது பேசுவது 302.75. படிக்கிறவர் உங்கள் குறிப்பை அச்சிட்டுக் கடைக்காரரிடம் கொடுத்தால், அவர் 305-இல் வேலியை (பலகை ஒட்டி நகரும் வழிகாட்டிச் சட்டத்தை) நிறுத்தி மூன்று முறை தள்ளுவார், மிச்சத்தை நான்காவது என்று கையில் கொடுப்பார். அந்த மிச்சம் 296.

கைவாள்:
இருவரும் பேனல் சா எல்லோருக்கும் கிடைக்கும் என்ற நினைப்பிலேயே பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் நான்கு அங்குலக் கை மெஷின்தான் உண்டு. அதன் பிளேடு 2 மி.மீ. அளவுக்குத்தான் தின்னும். கழிவுத் துண்டு ஒன்றில் முதலில் வெட்டிப் பார்த்து, மெஷினின் அடித்தட்டு விளிம்பிலிருந்து வெட்டின் விளிம்பு வரை உள்ள தொலைவை அளந்து, அந்தத் தொலைவு தள்ளி அலுமினியச் சட்டத்தை இரண்டு கிளாம்பால் இறுக்கினால் பேனல் சாவுக்கு இணையான நேர்கோடு கிடைக்கும். கை மெஷினின் பல் கீழிருந்து மேலாக ஏறுவதால் மேல்முகத்தில்தான் சிலாம்பு பெயரும். எனவே நல்ல முகத்தைக் கீழே வைக்க வேண்டும். தூள்கணக்கு தம்பி எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை) பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினார்.

தூள்கணக்கு:
எம்.டி.எஃப். விவாதத்தில் நான் சொன்னது சரியாகவே இருந்தது, அண்ணன். அதை இங்கே இழுக்க வேண்டியதில்லை. உங்கள் 2 மி.மீ. கணக்கையே எடுத்துக்கொள்வோம். மூன்று வெட்டுக்கு 6 மி.மீ.; கடைசிப் பட்டை 299. அதுவும் 305 இல்லை. இதோடு, பலகையின் ஆலை விளிம்பு வண்டியில் இடிபட்டு வந்திருந்தால் அதைச் சீவிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்; அப்போது வெட்டு நான்காகும், இழப்பும் கூடும்.

மூலைமட்டம்:
அகலத்துக்கு இவ்வளவு சண்டையிடும் நீங்கள் தடிமனை அளந்தீர்களா? 18 மி.மீ. என்று விற்கப்படும் பலகை வெர்னியர் அளவியில் 17.3 காட்டுவதும் உண்டு. மேல், கீழ்ப் பலகைகள் பக்கப் பலகைகளுக்கு நடுவே அமரும் பெட்டியில், வெளியகலத்திலிருந்து 36-ஐக் கழித்து அவற்றை வெட்டினால், பெட்டி 1.4 மி.மீ. குறுகி முன்பலகை பிதுங்கி நிற்கும். முதலில் அளக்க வேண்டியது இதைத்தான்.

இசைமாடம்:
பிதுங்கினால் இழைப்புளி இருக்கிறது, இடைவெளி விழுந்தால் ஃபெவிகாலில் மரத்தூளைக் குழைத்து அடைக்கலாம். பி.பி.சி. வடிவமைத்த புகழ்பெற்ற சிறு ஒலிபெருக்கியான எல்.எஸ். 3/5ஏ-யின் பெட்டியே 12 மி.மீ. பர்ச் பிளைவுட்டால் ஆனதுதான், 18 மி.மீ. வேண்டும் என்பதே பாதி மூடநம்பிக்கை.

மூலைமட்டம்:
அந்தப் பெட்டியின் சுவர்களில் உட்புறம் அதிர்வடக்கும் பட்டைகளை ஒட்டியிருந்தார்கள் என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். வெறும் 12 மி.மீ. போதும் என்று அவர்கள் சொல்லவில்லை. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையும் இடைவெளியை நிரப்புவதற்காகச் செய்யப்பட்டதன்று. இரண்டு பரப்புகள் இறுகப் பொருந்தினால்தான் அது பிடிக்கும். மூடிய பெட்டியில் காற்றுக் கசிந்தால் அடித்தொனியின் கட்டுப்பாடே மாறிவிடும். மரத்தூள் களிம்பு வெளியே அழகாகத் தெரியும், உள்ளே வெடித்திருக்கும்.

தூள்கணக்கு:
தடிமனும் பசையும் தனித்தனியாகப் பேச வேண்டிய பொருள்கள். நான் கேட்ட கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. ஒரே அளவுள்ள துண்டுகளை ஒவ்வொன்றாக டேப்பால் அளந்து வெட்டக் கூடாது; வேலியை ஒருமுறை நிறுத்தி, அந்த அளவுத் துண்டுகள் அனைத்தையும் வெட்டி முடித்த பிறகே அதை நகர்த்த வேண்டும். அப்படிச் செய்தால் 302-ஓ 303-ஓ, எல்லாம் ஒன்றுபோல இருக்கும். 305 என்று பிடிவாதம் பிடித்தால் ஒன்று மட்டும் 296 ஆகும். இதை ஒப்புக்கொண்டு உங்கள் குறிப்பைத் திருத்துவதில் என்ன தடை?

கைவாள்:
வேலியை நிறுத்தும் முறையைத் தச்சர்கள் காலங்காலமாகச் செய்கிறார்கள், தம்பி. நீங்கள் கண்டுபிடித்தது போலச் சொல்ல வேண்டாம்.

தூள்கணக்கு:
கண்டுபிடித்தேன் என்று எங்கே எழுதியிருக்கிறேன் என்று காட்டுங்கள், அண்ணன்.

இசைமாடம்:
கடையில் கிடைக்கும் பலகைகள் பல 1220-ஐவிட ஓரிரு மி.மீ. கூடுதலாகவே வருகின்றன. என் குறிப்பைப் பார்த்துச் செய்தவர்களின் பெட்டிகள் பாடிக்கொண்டுதான் இருக்கின்றன. என் பெட்டிகளின் இரண்டு மூலைவிட்டங்களும் சமம். திருத்த எதுவுமில்லை.

தூள்கணக்கு:
ஓரிரு மி.மீ. கூடினால் 296 என்பது 298 ஆகும்; 305 ஆகாது. அன்றியும் மூலைவிட்டங்கள் சமமாக இருப்பது மட்டுமே செங்கோணத்துக்குச் சான்றாகாது. மேல்பலகை கீழ்ப்பலகையைவிடக் குட்டையாக இருந்து, பக்கங்கள் இரண்டும் ஒரே அளவு உள்நோக்கிச் சாய்ந்து நின்றாலும் மூலைவிட்டங்கள் சமமாகவே வரும். எதிரெதிர்ப் பலகைகளின் நீளத்தை அளந்தீர்களா?

இசைமாடம்:
அளந்தேன். எந்த டேப்பால் என்று அடுத்துக் கேட்பீர்கள். அதற்கு நான் விடை சொல்லப் போவதில்லை.