மெட்டல் பாட்டுக்கு எடுத்த வீடியோ கல்யாண வீடியோ மாதிரி இருக்கிறதாம், எங்கே தவறினேன்?

காவிரிக்கரை_கேமரா:

எட்டு வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன், ஊர் பள்ளிபாளையம். என் சித்தி மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான். அவனும் மூன்று நண்பர்களும் சேர்ந்து மெட்டல் (கனத்த கிட்டாரும் டிரம்ஸும் முழங்குகிற ராக் இசை) பேண்ட் ஒன்று வைத்திருக்கிறார்கள், சொந்தமாகத் தமிழில் எழுதிப் பாடுகிறார்கள். முதல் பாட்டை யூடியூபில் போட வேண்டும், நீதான் எடுத்துத் தர வேண்டும் அண்ணா என்றான். காசு வாங்கவில்லை, ஆனால் காசு வாங்கிச் செய்யும் வேலையைவிட ஆசையாகச் செய்தேன். இரண்டு நாள் ஏற்காடு போய், விடியற்காலைப் பனிமூட்டம், சில்வர் ஓக் மரங்களுக்கு மேலே ட்ரோன், கிம்பலில் (கேமரா குலுங்காமல் தாங்கும் கருவி) மெதுவாக ஆளைச் சுற்றி வருவது, 85 எம்எம் லென்ஸில் பின்னணி கரைந்து முகம் மட்டும் நிற்பது என்று எனக்குத் தெரிந்த நல்ல ஷாட் எல்லாவற்றையும் வைத்தேன். பையன்களுக்கு இஸ்திரி போட்ட கறுப்புச் சட்டை, முகத்துக்கு லேசான டச்சப்.

வெளியிடும் முன் அவர்களுடைய நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினோம். சவுண்டை நிறுத்திவிட்டுப் பார்த்தால் ப்ரீ வெட்டிங் ஷூட் மாதிரி இருக்கிறது என்றான் ஒரு பையன், மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். தம்பி ஒன்றும் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அன்று இரவு நானும் சவுண்டை நிறுத்திப் பார்த்தேன், அவர்கள் சொன்னது சரிதான். ஒவ்வொரு ஷாட்டும் தனியாக நன்றாக இருக்கிறது, ஆனால் இது என்ன மாதிரிப் பாட்டு என்று படத்திலிருந்து தெரியவே இல்லை.

என் கேள்வி இதுதான். ராப் வீடியோவைச் சத்தமில்லாமல் பார்த்தாலும் ராப் என்று தெரிகிறது, சோகப் பாட்டும் அப்படித்தான். ஒரு வகை இசைக்கு ஒரு வகை ஷாட், ஒரு வகை உடை என்று எப்படி வந்தது? வெறும் பழக்கமா, காரணம் இருக்கிறதா? கறுப்பு, புகை, வேகமான வெட்டு என்று ஒரு பட்டியலைப் பார்த்துத் திரும்ப எடுத்தால் சரியாகிவிடுமா? பாட்டு நான்கு நிமிடம், வேகம் 180 பிபிஎம் (நிமிடத்துக்கு 180 தாள அடி).

இரட்டை_பெடல்:

அண்ணா, நான் டிரம்ஸ் வாசிப்பவன், கேட்கிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். 180 பிபிஎம் என்றால் ஒரு நொடிக்கு மூன்று அடி. உங்கள் கிம்பல் ஷாட் ஒன்று எட்டு நொடி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் 24 அடி போய்விடும், இரண்டு காலும் பெடலில் ஓடுகிற இடமாக இருந்தால் அடிக்கு நான்கு வீதம் 96 மிதி. காதுக்குள் அத்தனை நடக்கும்போது கண்ணுக்கு ஒரே ஒரு மிதக்கிற நகர்வு கிடைக்கிறது. அதே எட்டு நொடி 70 பிபிஎம் மெலடிக்கு ஒன்பது அடிதான், மூச்சு இழுத்து விடுகிற மாதிரி பொருந்திவிடும். கல்யாண வீடியோவில் உங்கள் ஷாட் அழகாக இருப்பதற்கு அது ஒரு காரணம்.

அப்புறம் இடம். இந்த இசை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மெட்டலைத் தொடங்கிவைத்த குழுக்களில் ஒன்றான பிளாக் சப்பாத் இங்கிலாந்தின் பர்மிங்காம்காரர்கள், தொழிற்சாலை ஊர். அவர்களுடைய கிட்டார்காரர் டோனி அயோமி 17 வயதில், தகட்டுப் பட்டறையில் வேலையின் கடைசி நாளன்று, வலது கையில் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தார். இடது கைப் பழக்கக்காரர் என்பதால் நரம்பை அழுத்துகிற கை அதுதான். பிளாஸ்டிக்கில் விரலுறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார், பின்னால் அழுத்துவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று நரம்பைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். அந்தக் கனமான சத்தத்தில் அதற்கும் பங்கு உண்டு. மெட்டாலிகா என்ற மெட்டல் குழு தங்கள் முதல் வீடியோவை 1989இல் வெளியிட்டபோது (பாட்டு ‘ஒன்’) அதையும் ஒரு கிடங்கில்தான் எடுத்தார்கள், கறுப்பு வெள்ளையில், கையும் கிட்டாரும் டிரம்ஸும் நெருக்கத்தில், நடுநடுவே ஒரு போர் எதிர்ப்புப் படத்தின் காட்சிகள். இயற்கைக் காட்சிக்கு அங்கே வேலையே இல்லை.

பையன்கள் எங்கே பிராக்டிஸ் செய்கிறார்கள்?

காவிரிக்கரை_கேமரா:

மாமா ஒருவருடைய விசைத்தறிக் கூடத்தில், தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில். பாதித் தறியை விற்றுவிட்டார்கள், அந்தக் காலி இடத்தில்தான் டிரம்ஸ் கிடக்கிறது. சிமெண்ட் ஷீட் கூரை, டியூப் லைட், எங்கே பார்த்தாலும் பஞ்சுத் தூசி. பார்க்க நன்றாக இருக்காது என்று அங்கே எடுப்பதை நான் யோசிக்கவே இல்லை.

இரட்டை_பெடல்:

அண்ணா, அங்கேயே எடுங்கள். வேறு இடமே தேட வேண்டாம். சின்ன வயதிலிருந்து தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்த பையன்கள் 180 பிபிஎம்மில் வாசிக்கிறார்கள் என்றால் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் புரியும்.

வெட்டு_மேசை:

எடிட்டராக இருக்கிறேன், சுயாதீனப் பாடல் வீடியோக்கள் கொஞ்சம் வெட்டியிருக்கிறேன். பட்டியல் பார்த்து எடுக்காதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன். ஒவ்வொரு வகை இசைக்கும் கேட்கிறவர் நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது. கேமரா அந்த இடத்துக்குப் போய் நின்றால் பாதி வேலை முடிந்தது, பட்டியலில் இருக்கிறதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

சில உதாரணம். 1990இல் சினேட் ஓ'கானர் பாடிய ‘நத்திங் கம்பேர்ஸ் டு யூ’, ஜான் மேபரி இயக்கியது. பாரிஸில் ஒரு பூங்காவில் நடக்கிற காட்சிகளும் எடுத்தார்கள், ஆனால் வீடியோவில் பெரும்பாலும் இருப்பது மொட்டையடித்த தலை, கறுப்பு உடை, கறுப்புப் பின்னணி, ஒரே முகம். கடைசியில் வருகிற கண்ணீர் திட்டமிட்டது இல்லை. பிரிந்துபோனவரைப் பற்றி ஒருவர் நம்மிடம் மட்டும் சொல்லும்போது நாம் எங்கே உட்கார்ந்திருப்போம்? எதிரே, மேசைக்கு இந்தப் பக்கம். கேமரா அங்கே இருக்கிறது, முகத்தைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படக்கூடாது என்று உடையும் பின்னணியும் ஒதுங்கிக்கொள்கின்றன.

இதற்கு நேர் எதிர் பியான்சேயின் ‘சிங்கிள் லேடீஸ்’, 2008. மூன்று பெண்கள், கறுப்பு வெள்ளை, வெறும் சுவர், தலையிலிருந்து கால்வரை பெரும்பாலும் சட்டகத்துக்குள், வெட்டுகள் கண்ணில் படாத மாதிரி. ஆட்டப் பாட்டு, பாதத்தை வெட்டினால் ஆட்டம் போய்விடும். ஹாலிவுட் நடனக்காரர் ஃபிரெட் அஸ்டேர் 1930களிலேயே இதைத்தான் வற்புறுத்தினார், ஆடும்போது முழு உடலும் தெரிய வேண்டும் என்று.

ராப்புக்கு வாருங்கள். 1997இல் மிஸ்ஸி எலியட்டின் ‘தி ரெயின்’, ஹைப் வில்லியம்ஸ் இயக்கியது. ஃபிஷ்ஐ லென்ஸ் (மிக அகலமாகப் பார்த்து உருவத்தை வளைத்துக் காட்டுவது), அவர் லென்ஸை ஒட்டி வந்து நம் முகத்துக்கு நேரே சொல்கிறார். ராப் தெருவில் வட்டமாக நின்று முகத்துக்கு நேரே சொல்கிற பழக்கத்தில் வளர்ந்த இசை, அந்த வட்டத்துக்குள் இருக்கிறவருடைய கண் அது. அதில் அவர் போட்டிருக்கும் காற்றடைத்த கறுப்பு உடையைப் பாருங்கள், ஜூன் ஆம்ப்ரோஸ் வடிவமைத்தது. நடுவில் இருப்பதை வீங்கவைப்பது ஃபிஷ்ஐயின் குணம், உடையும் அதையேதான் செய்கிறது. ஒரு பெண்ணின் உடலை மெலிதாகக் காட்டித்தான் ஆக வேண்டும் என்ற வழக்கத்தை லென்ஸும் உடையும் சேர்ந்து உடைத்துவிட்டன. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது ஆச்சரியம்தான்.

இப்போது உங்கள் விஷயம். கல்யாணத்தில் உங்கள் கேமரா நிற்கிற இடம் உறவுக்காரர் நிற்கிற இடம். கொஞ்சம் தள்ளி நின்று, பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும் என்று பார்க்கிற பார்வை. 85 எம்எம், கரைந்த பின்னணி, மிதக்கிற நகர்வு எல்லாம் அந்தப் பார்வைக்குப் பிறந்தவை, எட்டு வருடத்தில் உங்கள் கையில் ஊறியிருக்கும். மெட்டல் கேட்கிறவன் மேடைக்கு முன்னால் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவன் தோள் இடிக்க நிற்கிறான். அகலமாகக் காட்டுகிற 24 எம்எம் லென்ஸ் போட்டு ஆளுக்கு இரண்டு அடிக்குள் போங்கள், கிம்பலைக் கழற்றி வைத்துவிட்டுக் கையில் பிடியுங்கள், கேமரா இடிபடட்டும்.

காவிரிக்கரை_கேமரா:

உறவுக்காரர் பார்வை என்று சொன்னது உண்மை, அப்படித்தான் எடுத்திருக்கிறேன். ஒரு சந்தேகம், கையில் பிடித்தால் வெறும் நடுக்கமாகத் தெரியாதா? ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் விழுகிற நேரம்) எப்போதும் 1/50 நொடியில்தான் வைப்பேன், நொடிக்கு 25 ஃபிரேம்.

வெட்டு_மேசை:

1/50இல் கை வேகமாக அசைந்தால் மங்கலாக இழுபடும், அது மென்மையாக இருக்கும். 1/200க்கு ஏற்றுங்கள். ஒவ்வொரு ஃபிரேமும் கத்தியால் வெட்டின மாதிரி தனித்தனியாக நிற்கும், டிரம்ஸ் குச்சி, தலைமுடி, வியர்வைத் துளி எல்லாம் அடி அடியாகத் தெரியும். ஆனால் ஒன்று கவனியுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சோக் வைத்த பழைய டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மினுங்கும், 1/50இல் அது மறைந்திருக்கும், 1/200இல் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். பழைய கல்யாண வீடியோ காலத்து ஹாலஜன் விளக்கு வைத்திருப்பீர்களே, அதில் இந்தத் தொந்தரவு மிகக் குறைவு. ஒன்றே ஒன்றை எடுத்து ஆட்களுக்குப் பின்னால் வையுங்கள், முன்பக்கம் எதுவும் வேண்டாம். புகை மெஷினுக்கும் செலவு செய்யாதீர்கள், கூடத்தில் மிதக்கிற பஞ்சுத் தூசியே வெளிச்சத்தில் தெரியும். ஹாலஜன் கடுமையாகச் சுடும், அதனால் விளக்கைச் சுற்றித் தரையை நன்றாகப் பெருக்கிவிட்டு, ஒரு வாளி மணல் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

நெருக்க ஷாட்டுகளில் நடுக்கத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அகலமான ஷாட் ஒன்று ஸ்டாண்டில் அசையாமல் இருக்கட்டும், அது இருந்தால்தான் மற்றவை ஆடுவது தெரியும்.

வடக்கு_வாசல்:

ஏற்காட்டை இப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம் என்று நினைக்கிறேன். நார்வேயின் பிளாக் மெட்டல்காரர்கள் (மெட்டலின் ஒரு இருண்ட கிளை) 90களின் தொடக்கத்தில் காடு, பனி, இருட்டு என்றுதான் போனார்கள். இம்மார்ட்டல் மாதிரி பெர்கன் ஊர்க் குழுக்கள் முகத்தில் வெள்ளையும் கறுப்பும் பூசிக்கொண்டு காட்டில் நின்று எடுத்த பழைய வீடியோக்களைப் பாருங்கள். மரமும் மூட்டமும் மெட்டலுக்கு அந்நியம் இல்லை.

வித்தியாசம் என்னவென்றால் அந்தக் காடு யாரையும் வரவேற்காது. படம் சொரசொரவென்று இருக்கும், நிறம் செத்திருக்கும். நீங்கள் மூட்டத்தில் தங்க நிற வெயிலைச் சேர்த்திருப்பீர்கள், சரியா? அந்த நிறத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள், இரண்டு மூன்று ஷாட்டாவது தேறும்.

பருத்திச்_சட்டை:

உடையைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. இஸ்திரி போட்ட கறுப்புச் சட்டை என்று படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பையன்கள் பிராக்டிஸுக்கு வரும்போது என்ன போட்டிருக்கிறார்கள்? அதையே போடச் சொல்லுங்கள், வெளுத்திருந்தால் இன்னும் நல்லது. நிர்வானா என்ற ராக் குழுவின் ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ 1991இல் வந்தபோது அதற்கு முன்னால் ராக் வீடியோ என்றால் விரித்துவிட்ட முடி, பளபளக்கிற இறுக்கமான கால்சட்டை, பெரிய மேடை. இதில் பள்ளி ஜிம் மாதிரி ஒரு செட், பழுப்பு மஞ்சள் வெளிச்சம், பாடகர் கர்ட் கோபேன் ஒரு சாதாரணக் கோடு போட்ட டி-சட்டையில் நிற்கிறார். நாள் முழுக்க உட்காரவைக்கப்பட்டிருந்த கூட்டம் கடைசியில் எழுந்து செட்டையே உடைக்கிறது, அந்தக் கோபம் நடிப்பு இல்லை. அவர் போட்டிருந்தது பார்க்கிறவன் வீட்டுக் கொடியில் காய்கிற சட்டை.

அதற்காக எளிமையான உடைதான் எப்போதும் உண்மை என்று சொல்லவில்லை. சாதியை எதிர்த்துப் பாடும் இசைக்குழுவான தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் தடவை மேடையேறியபோது கோட் சூட்டில் வந்தார்கள். கானா பாடகன் என்றால் லுங்கியும் கலர் சட்டையும் என்று சினிமா நமக்குப் பழக்கியிருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு அம்பேத்கர்தான் நினைவுக்கு வந்தார், பாட்டு என்ன சொல்லப்போகிறது என்று முதல் வரிக்கு முன்பே தெரிந்தது. இசை வகையோடு ஒட்டிக்கொண்ட உடையைத் தெரிந்தே மறுப்பதும் ஒரு வழி, மறுப்பதற்குக் காரணம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் தம்பியின் பாட்டு எதைப் பற்றியது? அதை நீங்கள் சொல்லவே இல்லை.

காவிரிக்கரை_கேமரா:

தறியை எடைக்குப் போட்ட நாளைப் பற்றியது. பல்லவியிலேயே அது வருகிறது. இதை இப்போது எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது, அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டு நான் மலையேறிப் போயிருக்கிறேன்.

தம்பியிடம் பேசிவிட்டேன். இந்த ஞாயிறு கூடத்திலேயே திரும்ப எடுக்கிறோம். மீதி இருக்கிற தறிகளை மாமா பத்து நிமிடம் ஓட்டிக் காட்டுகிறேன் என்றார், நாடா போய் வருகிற வேகத்தை 1/200இல் தனியாக எடுத்து டிரம்ஸோடு வெட்டிப் பார்க்கப்போகிறேன். ஏற்காட்டு ஷாட்டில் நிறம் இல்லாத மூட்டம் இரண்டு தேறியது, பாட்டு நடுவில் அடங்குகிற இடத்தில் வைக்கலாம். ஹாலஜன் பரணில் இருக்கிறது, எரிகிறது. பெடலுக்குப் பக்கத்தில் தரையோடு படுத்து எடுக்க ஒரு பாயும் எடுத்து வைத்திருக்கிறேன். இரட்டை_பெடல் தம்பி, மிதிக்கிற காலை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தால் இரண்டு காலும் தெரியும்?

இரட்டை_பெடல்:

முன்னாலிருந்து எடுத்தால் பெரிய டிரம் மறைக்கும். வாசிப்பவனுக்கு வலது பக்கம், ஃப்ளோர் டாமுக்கு (தரையில் காலூன்றி நிற்கும் டிரம்) அடியில் இடம் இருக்கும், அங்கே தலையை வையுங்கள். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா.