புதுப்பிப்பு: மகளின் தொல்லியல் படிப்பு

எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகம் போகும் முன் எழுதும் மலேசியத் தேர்வு) முடித்த மகள் தொல்லியல்தான் வேண்டும் என்கிறாள், கோலாலம்பூரில் எப்படித் தொடங்குவது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். வழி சொன்னவர்களுக்கும், "வேலை கிடைக்காது அக்கா" என்று அக்கறையோடு எச்சரித்தவர்களுக்கும் நன்றி.

முடிவாகிவிட்டது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் நிலவியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அப்புறம் பினாங்கு யூஎஸ்எம்மின் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) தொல்லியல் ஆய்வு மையத்தில் முதுகலை செய்ய எண்ணம். பினாங்கு மாநிலத்தின் குவார் கெப்பாவில் 2017இல் புதிய கற்காலப் பெண்ணின் எலும்புக்கூட்டை ஆய்வு செய்தவர்கள் அவர்கள்தான்.

நிலவியல் ஏன் என்று வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். கெடா மாநிலத்தில், பழங்காலத்தில் இரும்பு உருக்கிய இடமான சுங்கை பத்துவில் குவிந்து கிடைப்பது இரும்புக் கசடும், உலைக்குக் காற்று செலுத்திய களிமண் குழாய்களும். எந்தத் தாது, எவ்வளவு சூடு என்று கண்டுபிடிக்கக் கனிமம் தெரிய வேண்டும். தோண்டாமலே மண்ணின் மின்தடையை அளந்து, புதைந்த செங்கல் சுவரைத் தேடுவதும் இந்தப் படிப்போடு ஒட்டியதுதான். எனக்கு இது மிகவும் பிடித்துவிட்டது.

அதே கெடாவில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் பழங்கோயில் எச்சம் மனை மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்டது 2013இல் தெரியவந்தபோது மனம் கொதித்தது. நம் பழைய நூல்கள் கடாரம் என்று சொல்லும் கெடாவின் மண்ணைப் படிக்க நம் பிள்ளைகளும் போகட்டும்.

யூஎஸ்எம்மில் முதுகலை செய்தவர்கள் இருந்தால், களப்பணிச் செலவு எப்படி என்று சொல்லுங்களேன்.