குழந்தை எழுதாத நோட்டை நானே எழுதி நிரப்புகிறேன், என்ன செய்யலாம்?

வெண்ணாற்றங்கரை:

வணக்கம். வெண்ணாற்றுப் பக்கம் ஒரு சின்ன ஊரில் தனியார் நர்சரியில் எல்கேஜி டீச்சராக இருக்கிறேன், இது இரண்டாவது வருடம். படித்தது பி.எஸ்சி. கணிதம். சிறு பிள்ளைகளை வைத்துக்கொள்வது பற்றி ஒரு நாள்கூடப் பயிற்சி கிடையாது. சேர்ந்த அன்று சாக்பீஸ் டப்பாவையும் வருகைப் பதிவேட்டையும் கையில் கொடுத்து வகுப்பைக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

என் பிரச்சினை நோட்டு. மாதக் கடைசி சனிக்கிழமை பெற்றோர் வருவார்கள். அதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் தமிழில் பத்துப் பக்கம், ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் நிறைந்திருக்க வேண்டும். மூன்றரை வயதுப் பிள்ளை எங்கே எழுதும்? கையைப் பிடித்து எழுத வைக்கிறோம். அதற்கும் நேரம் போதாதபோது, மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் நானும் பக்கத்து வகுப்பு டீச்சரும் உட்கார்ந்து நாங்களே எழுதிவிடுகிறோம். இடது கையால் எழுதினால் குழந்தை எழுத்து மாதிரியே கோணிக்கொண்டு வரும் என்று அந்த டீச்சர்தான் சொல்லிக்கொடுத்தார். நன்றாகவே வருகிறது, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. கீழே சிவப்பு மையில் 'வெரி குட்', பக்கத்தில் ஒரு ஸ்டார்.

போன மாதம் ஒரு அம்மா நடவிலிருந்து நேராக வந்தார், கால் விரல் இடுக்கில் சேறுகூடக் காயவில்லை. மகள் நோட்டைப் புரட்டிவிட்டு, "எனக்குக் கையெழுத்துப் போடவே வராது, எம்பொண்ணு எப்புடி எழுதியிருக்கு பாத்தீங்களா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அந்தப் பக்கம் முழுக்க நான் எழுதியது. அந்தப் பெண் பென்சிலை இன்னும் உலக்கை மாதிரி முஷ்டியில்தான் பிடிக்கிறாள்.

தாளாளரிடம் சொல்லிப் பார்த்தேன். "நோட்டு காலியா இருந்தா அடுத்த வருஷம் வேற ஸ்கூல் வேன்ல ஏத்தி விட்ருவாங்கம்மா, அப்புறம் உன் சம்பளத்துக்கு நான் எங்க போவேன்" என்றார். மோசமான மனிதர் இல்லை. ஆனால் முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு நானும் ஒரு ஆயாவும். சம்பளம் ஆறாயிரத்து ஐந்நூறு.

நான் செய்வது உண்மையிலேயே தப்பா, இல்லை பெரிதுபடுத்துகிறேனா? வேலையை விடாமல் இந்தத் தொழிலை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வழி உண்டா?

மையத்து அக்கா:

தங்கச்சி, நான் அங்கன்வாடியில் பத்தொன்பது வருடம். முதலில் என் ஆற்றாமையைச் சொல்லிவிடுகிறேன். என் மையத்தில் பாட்டும் கதையும் விளையாட்டும்தான் பாடம், நோட்டு கிடையாது. அந்த ஒரே காரணத்துக்காக மூன்று வயது முடிந்ததும் பிள்ளைகளை உங்கள் மாதிரிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். "அங்க முட்டை போடுவாங்க, இங்கதான் படிப்பு" என்று என் காதுபடவே பேசுவார்கள். 1975 அக்டோபர் 2-ல் இந்த அங்கன்வாடித் திட்டம் தொடங்கியபோதே ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று, அதை யார் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆக, நீங்கள் இடது கையால் எழுதிய நோட்டைக் காட்டித்தான் என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. சரி, கோபமில்லை.

கோபப்பட எனக்கு யோக்கியதையும் இல்லை. ஒரு ஐப்பசி அடைமழையில் பிள்ளைகளை எடை போட முடியவில்லை. தேதி முடியப் போகிறது, பதிவேடு கேட்கிறார்கள். ஒரு பையனுக்குப் போன மாத எடையோடு இருநூறு கிராம் சேர்த்து எழுதிவிட்டேன், பிள்ளைதான் வளர்ந்திருப்பானே என்று. அடுத்த மாதம் தொங்கு தராசில் உட்கார வைத்தால், நான் எழுதிய எடை இருக்கட்டும், அதற்கு முந்தைய எடைகூட இல்லை. வளர்ச்சி அட்டையில் எடை குறைவைக் காட்டும் மஞ்சளுக்கு இறங்கிவிட்டான். வீட்டில் வயிற்றுப்போக்கு வந்து வந்து போயிருக்கிறது, அவன் அம்மாவும் என்னிடம் சொல்லவில்லை, ஏனென்றால் அட்டையைப் பார்த்து நன்றாக ஏறுகிறான் என்று சொன்னதே நான்தான். முன்னாலேயே சுகாதார நிலையத்துக்கு அனுப்பியிருக்கலாம். பையன் அப்புறம் தேறிவிட்டான், ஆனால் அந்தத் தேதி எனக்கு மறக்கவில்லை.

உங்கள் நோட்டும் அதே அட்டைதான். அந்தப் பெண் முஷ்டியில் பிடிக்கிறாள் என்று உங்களுக்கு மட்டும் தெரியும். அடுத்த வருடம் யூகேஜி டீச்சர் நோட்டைப் பார்த்துவிட்டு 'எல்கேஜியில் நன்றாக எழுதினாளே, இப்போது சோம்பேறித்தனம்' என்று அவளைத்தான் அதட்டுவார்.

நடைமுறை:

எல்லோரும் பாய்வதற்கு முன் ஒரு வார்த்தை. நான் ஒரு காலத்தில் நர்சரி நடத்தி மூடியவன். நோட்டு இல்லாமல் ஒரு வருடம் நடத்திப் பார்த்தேன், பதினாறு பிள்ளைகள் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள். கிராமத்துப் பெற்றோருக்கு வேறு எப்படிக் காட்டுவீர்கள்? அவர்கள் கொடுப்பது கூலிக் காசு, கண்ணுக்குத் தெரிந்தால்தான் நம்புவார்கள். விஜயதசமி அன்று நாமும் நெல்லில் கையைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறோமே, அதையும் ஏமாற்று என்பீர்களா? டீச்சர், வேலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நியாயம் பேசுகிறவர்கள் யாரும் உங்கள் வீட்டுக்கு அரிசி அனுப்ப மாட்டார்கள்.

குடந்தை அப்பா:

நோட்டை விடுங்கள், அந்த முப்பத்தெட்டு என்ற எண்ணில்தான் எனக்குப் படிப்பு நின்றுவிட்டது. தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்குத் தந்த வழிகாட்டுதலில் இருபது பிள்ளைக்கு ஒரு ஆசிரியர், கூட ஒரு பராமரிப்பாளர். எங்கள் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகளைப் பள்ளித் தீயில் பறிகொடுத்தோம். அதற்கப்புறம் எந்தப் பள்ளிக்குப் போனாலும் தலைகளையும் கதவுகளையும்தான் முதலில் எண்ணுவேன். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் நீங்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தால் முப்பத்தெட்டுப் பேரை யார் பார்க்கிறார்கள்? தாளாளரிடம் இதைக் கேளுங்கள், நோட்டை அப்புறம் பேசலாம்.

களிமண் டீச்சர்:

நடைமுறை ஐயா சொன்ன நெல் விஷயத்தை விட மனமில்லை. நெல்லில் பென்சில் கிடையாது, விரல். எழுத்தும் ஒரு சாண் அளவு, கை முழுக்க அசையும், விரல் நுனிக்கு நெல் உறுத்தும். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி உப்புத்தாளில் எழுத்து வெட்டி ஒட்டி விரலால் தடவ வைத்ததும் இதே சூட்சுமம்தான். அந்த அம்மையார் 1939-ல் சென்னைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், நமக்கு அந்நியரும் இல்லை. அப்புறம் முக்கியமான விஷயம், தட்டில் எழுதியதை யாரும் 'பிள்ளை தானே எழுதியது' என்று சொல்லி ஸ்டார் போடுவதில்லை. அப்பா மடியில் உட்கார வைத்து எழுதுவதை ஊரே பார்க்கிறது.

கை விஷயம். பெரியவர்கள் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள். மூன்று வயதுப் பிள்ளையை எக்ஸ்ரே எடுத்தால் பொதுவாக இரண்டு மூன்றுதான் தெரியும், மற்றதெல்லாம் இன்னும் குருத்தெலும்பு. விரல் தசைகளுக்கும் இன்னும் பிடி வரவில்லை. அந்தக் கையில் நாலு கோட்டு நோட்டைத் திணித்தால் முஷ்டியால்தான் பிடிக்கும். முஷ்டி அவள் குறையில்லை, அவள் வயது.

பிடி வர வேண்டுமென்றால் சாமான் வாங்கவே வேண்டாம். வாய்க்கால் களிமண்ணில் உருண்டை உருட்டச் சொல்லுங்கள், முருங்கைக் கீரை உருவட்டும், மொச்சை உரிக்கட்டும். பல்லாங்குழியில் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துப் போடும்போது பாருங்கள், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளும். பென்சிலுக்கு வேண்டியது அந்தக் கிள்ளல்தான். (மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்ளும் பிள்ளை இருந்தால் கொட்டை வேண்டாம், முப்பத்தெட்டுப் பேரில் கண்டிப்பாக ஒன்று இருக்கும்.)

நோட்டை ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் தாளாளர் ஒத்துக்கொள்ள மாட்டார். வாரம் ஒரு பக்கம் கேளுங்கள். அதில் பிள்ளை தானாகக் கிறுக்கியது மட்டும், மேலே தேதி, கீழே அது என்னவென்று பிள்ளை சொன்னதை அப்படியே உங்கள் எழுத்தில். ஜூன் கிறுக்கலையும் பிப்ரவரி கிறுக்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படிக்காத அம்மாவுக்கும் வித்தியாசம் தெரியும்.

படிப்புக்கு: இக்னோ என்கிற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் டிஇசிஇ என்று ஒரு டிப்ளமா, முன்பருவக் குழந்தைப் பராமரிப்பும் கல்வியும், தபால்வழி. பன்னிரண்டாம் வகுப்பு போதும், வேலையில் இருந்துகொண்டே முடிக்கலாம். நானும் அப்படித்தான் முடித்தேன், குழந்தைகளைக் கவனித்து எழுதும் செய்முறை வேலைதான் அதில் உருப்படியானது. மற்றபடி மையத்து அக்கா மாதிரி ஆள் உங்கள் ஊரிலும் இருப்பார். ஒரு நாள் லீவு போட்டு அங்கன்வாடியில் மூலையில் உட்கார்ந்து பாருங்கள்.

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை முடிந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

வாரம் ஒரு கிறுக்கல் பக்கத்துக்குத் தாளாளர் சம்மதித்தார், மற்ற பக்கங்கள் கையைப் பிடித்தாவது நிறைய வேண்டுமாம். முப்பத்தெட்டைப் பற்றிக் கேட்டதற்கு "பார்க்கலாம்". இடது கை எழுத்தை நான் நிறுத்திவிட்டேன். பக்கத்து வகுப்பு டீச்சர் நிறுத்தவில்லை, என்னோடு பேச்சும் குறைந்துவிட்டது. நடைமுறை ஐயா பயமுறுத்தியது போல இதுவரை யாரும் டி.சி. கேட்கவில்லை, மார்கழி வரை பொறுத்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்த அம்மா வந்தார். கிறுக்கல் பக்கத்தில் நீளமாக ஒரு கோடு, அதன் மேல் குட்டிக் குட்டிச் சுழிகள். "என்ன டீச்சர் இது, போன மாசம் நல்லா எழுதிச்சே" என்றார். போன மாதம் எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். முகம் சுண்டிவிட்டது. கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்து, அப்புறம் மகளிடம் "என்னடி இது" என்றார். "வாத்து. வரப்புல போவுது."

சுழிகளை விரல் வைத்து எண்ணினார், பதினொன்று. "நம்ம வயல்ல நூறு இருந்துச்சேடி" என்றார். அவள் என் பாக்கெட்டிலிருந்து பென்சிலை உருவி, அதே முஷ்டிப் பிடியில், மீதி வாத்துகளைப் போட ஆரம்பித்துவிட்டாள். அந்த அம்மா என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை, போகும்போதும்.

டிஇசிஇ-க்கு ஜனவரியில் சேரலாம் என்றிருக்கிறேன். யாரிடமாவது பழைய பாடப் புத்தகங்கள் இருந்தால் சொல்லுங்கள், தஞ்சாவூரோ கும்பகோணமோ ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன்.